மூக்கு பாய்க்கு ஜலதோஷம் பிடித்த வாரம்

குவைத்தில் காற்றை அளக்க வைத்திருந்த எந்திரங்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, மூக்கு பாயை மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கலாம். அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம். எங்கள் ரூமுக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அப்பாசியாவில் ஒரே ரூமில் மூன்று பேர்: நான், புதுக்கோட்டை செல்வம், அப்புறம் கீழே மளிகைக் கடையில் வேலை பார்த்த இந்தக் கீழக்கரைக்காரர். அவருடைய நிஜப் பெயர் அவர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

டிசம்பர் பிறந்தால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. விடிந்ததும் பால்கனியில் நின்று மூக்கை நீட்டுவார்.

"இது ஸ்கூல் பஸ்ஸு. என்ஜினை ஓட விட்டுட்டு டிரைவர் உள்ள தூங்குறான். இது நம்ம வாட்ச்மேன், குளிர் காயப் பழப்பெட்டி எரிக்கிறான். அந்தா மெல்லிசா வருது பாரு, அது ரிஃபைனரி."

"வெயில் காலத்துல இதெல்லாம் எங்க போச்சு பாய்?"

"குளிர்ல புகைக்கும் சோம்பல் தம்பி. மேல ஏறாம தெருவுலயே படுத்துக்கும்."

இவ்வளவு புகையைக் கண்டுபிடித்த மனுஷன் ஜன்னலைச் சாத்த வேண்டாமா? மாட்டார். குளிர்காலம் முழுக்க நாலு விரல் திறந்தே கிடக்கும். உள்ளே இருக்கிற காற்று வெளிக்காற்றைவிட மோசம் என்பது அவர் கட்சி. நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவரைத் திட்டுவோம்.

ஒரு நாள் சாயங்காலம், "வயர் எரியுது" என்று சத்தம் போட்டு நாலு மாடி ஆட்களையும் லுங்கியோடு தெருவில் இறக்கிவிட்டார். பார்த்தால், செல்வம் ஹீட்டர் மேல் காயப்போட்ட சாக்ஸ். ஹீட்டரும் அதோடு காலி. கட்டடமே எங்களை முறைத்தது. பாய்க்கு வேறு கவலை.

"நைலானும் ரப்பரும் கலந்த சாக்ஸுடா. அதான் வயர்னு ஏமாந்துட்டேன்."

அடுத்த வாரமே அவருக்கு ஜலதோஷம். மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டது. பால்கனியில் பரிதாபமாக நின்று, "என்னடா வாசம் வருது?" என்று எங்களைக் கேட்பார். "மல்லிப்பூ பாய்" என்பான் செல்வம்.

அந்த வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். நாங்கள் பால்கனியில் கோழி சுட்டுத் தின்றோம். ஹீட்டர்தான் இல்லையே, கனிந்த கரியைச் சட்டியோடு உள்ளே கொண்டுவந்தான் செல்வம். புகையே இல்லை. ஆசை தீர ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுப் படுத்தோம். எனக்குத் தலை வலித்தது. கோழி அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன்.

பாய் கதவைத் திறந்தார்.

"என்னடா வாசம் வருது?"

"ஒரு வாசமும் இல்ல பாய். தூங்க விடுங்க" என்றேன்.

சட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலைத் திறந்து, சட்டியைப் பால்கனிக்குத் தள்ளி, எங்கள் இருவரையும் மாடிப்படிக்கு இழுத்துப் போட்டார்.

"கரி நெருப்பு விடுற விஷத்துக்கு வாசமே கெடையாதுடா. மூக்கு நல்லா இருந்தாலும் எனக்குத் தெரியாதுடா."

நான் வாந்தி எடுத்தேன். செல்வம் அசையவில்லை. "எந்திரிடா, எந்திரிடா" என்று அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். கடைசியில் அவன் கண்ணைத் திறந்து, "ஏன் பாய் அடிக்கிறீங்க?" என்றான்.

பாய் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.