கடுங்காப்பியை மிஷின்தான் போட்டது

கிர்க்கி, பூனா.
திங்கட்கிழமை.

என் மரியாதைக்கும், நேற்றிலிருந்து என் பயத்துக்கும் உரிய மச்சான் மோசஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஆரோக்கியமணியின் கணவன் கார்ல் எழுதிக்கொள்வது.

நான் இங்கு நலம். எல்லாக் கடிதத்திலும் யோசிக்காமல் எழுதிவிட்டுப் போகிற வரிதான். இன்றைக்கு அதை எழுதக் கை கூசுகிறது. நேற்றுக் காலைப் பூசையில், கோயில் நிறைய ஜனம் இருக்கையில், தூத்துக்குடியில் என் ஆத்தும இளைப்பாற்றிக்காகச் சாமியார் ஒரு பரலோக மந்திரம் சொல்லவைத்தாராம், நீங்கள் முதல் பெஞ்சில் நின்று தேம்பினீர்களாம். அப்படி அழுத மனிதருக்கு மறுநாளே 'நான் நலம்' என்று எழுதுவது எத்தனை பெரிய மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் கண்ணீரை வீணாக்கிவிட்டேன். உயிரோடு இருப்பதற்காக ஒருத்தரிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

அதைவிடப் பெரிய மன்னிப்பு உங்கள் மகள் அலினாவிடம் கேட்க வேண்டும். நேற்று மத்தியானம் பிள்ளை போன் செய்தாள். "மாமா, நீங்க உசுரோட இருக்கது சந்தோசந்தான். ஆனா என் கல்யாணம்லா செத்துட்டு" என்றாள். எனக்கு அங்கேயே மறுபடியும் படுத்துவிடலாம் போல ஆகிவிட்டது. அவளுக்கு முதல் கல்யாண ஓலை வாசிக்க வேண்டிய பூசையில் அவள் மாமனுக்குச் சாவு அறிவிப்பு வாசித்திருக்கிறார்கள், ஓலையை நீங்களே நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள். நான் சாகவில்லை என்று தெரிந்த பிறகும் மாப்பிள்ளையின் அம்மா இறங்கி வரவில்லையாம். "உசுரோட இருக்க மனுசனுக்கு அவன் வீட்டுலயே யாரோ துக்கக் காப்பி போட்டு வச்சிருக்காவ. அது யாரு கைன்னு தெரியணும். தெரியாம அடுத்த ஞாயித்துக்கிழம ஓலை கெடயாது" என்று சொல்லிவிட்டார்களாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது யாருடைய கையும் அல்ல, மச்சான். அது மிஷின். நடந்ததை ஆதியிலிருந்து எழுதுகிறேன், இதை அப்படியே அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

போன பெரிய நோன்பில் எனக்கு ரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர், சர்க்கரையை விடு, பாலை விடு, வேண்டுமானால் வெறும் காப்பி குடி என்றார். நான் போசரியில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருப்பவன், மேலே இருந்து உத்தரவு வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிற ஜாதி. பாலும் சர்க்கரையும் போய்விட்டால் காப்பியில் வேறு வேலையே இல்லை, படுத்த இடத்துக்கே வந்துவிடும் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். ஆரோக்கியமணி, "நம்ம பில்டர்ல டிகாஷன் இறங்கும், அதுல வெந்நிய ஊத்திக் குடிங்க, தீந்துபோச்சு" என்றாள். அதைக் கேட்டிருந்தால் நேற்று நீங்கள் அழுதிருக்க வேண்டாம். ஆனால் இருபத்தைந்து வருஷமாகக் கழுவாமல் ஒதுங்கிப் போன அதே பில்டரை நான் கழுவ வேண்டும் என்பது அந்த யோசனைக்குள் ஒளிந்திருந்ததைக் கவனித்துவிட்டேன். "இந்தக் காலத்துல அதுக்கெல்லாம் மிஷின் இருக்கு" என்றேன். எங்கள் டானியாவும், "டாடி, நான் ஆர்டர் பண்றேன், எது வேணும், சொல்லு" என்றாள். இந்தப் பிள்ளைக்கு அப்பனை 'சொல்லுங்க' என்று சொல்ல வராது. பூனாவில் பிறந்தது, விடுங்கள்.

எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒரு தாடிக்காரப் பையன் காப்பிக்கொட்டையைத் தங்கம் நிறுப்பதுபோல நிறுத்து, தண்ணீருக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலத் தெர்மாமீட்டர் வைத்து, பேப்பரில் பொடியைக் கொட்டி, அதைச் சுற்றிச் சுற்றி மெல்லிசாகத் தண்ணீர் விடுகிறான். சாமியார் பீடத்துக்குத் தூபம் காட்டுகிற மாதிரி இருந்தது, பக்தியாகத்தான் பார்த்தேன், ஆனால் முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டேன். அடுத்து ஒரு கண்ணாடி ஜாடி வந்தது, பொடியையும் வெந்நீரையும் போட்டு மேலிருந்து ஒரு கம்பியை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அவ்வளவுதானே என்று நானும் ஸ்டோர்ஸில் லாரிக்கு ஜாக்கி போடுகிறவன் மாதிரி ஒரே அழுத்தாக அழுத்தினேன். காப்பி மேலே கிளம்பி, சுவரில் இருந்த கோயில் பங்குக் காலண்டரில் ஆயருடைய வெள்ளை அங்கி முழுக்கக் காப்பிக் கலர் ஆகிவிட்டது. ஆரோக்கியமணி வருகிறதற்குள் மாதத்தைத் திருப்பிவிட்டேன். ஏப்ரலிலேயே எங்கள் வீட்டில் மே வந்துவிட்டது, அதனால் பால்காரரோடு ஒரு தகராறு, அது தனிக் கதை.

மூன்றாவதாக, அடுப்பில் வைக்கிற இத்தாலிக் கெட்டில். கீழே தண்ணீர், நடுவில் பொடி, மேலே காப்பி என்று அடுக்கு வீடு மாதிரி. மரையை நான் பலமாக முறுக்கிவிட்டேன். காப்பி வந்தது, இல்லையென்று சொல்லவில்லை, நன்றாகவும் இருந்தது. அப்புறம் அதைத் திறக்க முடியவில்லை. கீழ்வீட்டு கிரேக்கிடம் எடுத்துப் போனேன். பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியத்தின் தலைவர், பைப்பு வேலைக்கு ஸ்பானர் எல்லாம் வைத்திருப்பவர். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அரே கார்ல், காப்பி குடிக்க ஆசைப்பட்டியா, இல்ல குக்கர வெடிக்கவைக்க ஆசைப்பட்டியா மேன்?" என்றார். அவர் மனைவி பானு, "பாவம், மணி அக்கா ஒரு டம்ளர் காப்பிகூடக் குடுக்க மாட்டாங்க போல" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். அந்தப் பேச்சு மாடி ஏறி எனக்கு முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடும் கறுப்பாகத்தான் கிடைத்தது.

கடைசியில் டானியா, "டாடி, உனக்கு வேணும்கிறது காப்பி மேக்கர் இல்ல, இன்னொரு மம்மி" என்று சொல்லிவிட்டு, டைமர் வைத்த மிஷின் ஒன்றை வரவழைத்தாள். மச்சான், அதுதான் மிஷின். சாயங்காலம் பொடியும் தண்ணீரும் போட்டு மணியைத் திருகிவைத்துவிட்டால் போதும், விடியக்காலம் அதுவே முழித்து, அதுவே கொதித்து, சொட்டுச் சொட்டாக ஒரு பெரிய ஜாடி நிறைய இறக்கி, சூட்டோடு காவல் இருக்கும். நாம் செய்ய வேண்டியது எழுந்திருப்பது மட்டுமே. அதற்கும் ஏதாவது பட்டன் இருக்கிறதா என்று புத்தகத்தில் தேடினேன்.

இனி நேற்றைய காலை. இதில் எனக்கு மானம் போகிற இடங்கள் இருக்கின்றன, ஆனால் அலினாவுக்காக ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை, ஹிஞ்சேவாடிப் பக்கம் கேப் எதுவும் நகரவில்லை என்று டானியா அங்கேயே தோழி தீப்தியின் அறையில் தங்கிவிட்டாள். எனக்கு ஜலதோஷம், மூக்கில் நீலகிரித் தைலம் நனைத்த பஞ்சு. இடுப்பு வலிக்கு ஹாலில் வெறுந்தரையில் பாய். மழையில் என் லுங்கி ஒன்றும் காயவில்லை, ஆகவே, எப்படி எழுதுவது, உங்கள் தங்கையின் நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு மேலே வெள்ளைப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் படுத்திருந்தேன். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, பக்தியான வீடு. ஆரோக்கியமணி முதல் பூசைக்குப் போகும்போது, கதவைத் திறக்க நான் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்து, சும்மா சாத்திவிட்டுப் போயிருந்தாள். முந்தின நாள் அன்பியக் கூட்டத்துக்கு எடுத்த டம்ளர்கள் தட்டில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அவற்றின் பக்கத்தில் பிரியாணி அண்டா, அதில் ஆவி பறக்கக் கடுங்காப்பி. மிஷின் இறக்கியது ஜாடியில் வழிந்துவிடும் போல இருந்தது, அதனால் அண்டாவில் மாற்றிவைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நம் ஆட்கள் இந்தக் கிர்க்கிக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இட்லிக்கு மிசல் தொட்டுக்கொள்கிற அளவுக்கு மாறிவிட்டோம், ஆனால் சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பக்கத்து வீட்டிலிருந்து அண்டாவில் பால் இல்லாத கடுங்காப்பி வர வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. அண்டாவில் கடுங்காப்பி என்றால் இங்கே யாரும் விசாரிக்க மாட்டார்கள், நேரே செருப்பைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். பானு எங்கள் இட்லிக் குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். லிப்ட் ஓடவில்லை, மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள். மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள். குக்கர் கீழே விழுந்தது.

அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். முழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எழுந்தால் நைட்டி தெரியும், அதுவும் பூப்போட்ட நைட்டி. பானுவுக்குத் தெரிந்தால் கிர்க்கிக்கே தெரிந்த மாதிரி. தூங்குகிறேன் என்று நினைத்துக் குக்கரை வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவளோ, "கார்ல் அண்ணே, மணி அக்கா கோயிலுக்குப் போன நேரம் பாத்தா இப்படிப் பண்ணுவீங்க" என்று தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அழுகையின் நடுவிலேயே ஒரு கையால் பங்குத் தமிழ் குரூப்பில் செய்தி போட்டிருக்கிறாள். வேளாங்கண்ணித் திருநாளுக்கு வந்தபோது உங்களை அந்தக் குரூப்பில் சேர்த்தவன் நான்தான், அதற்கும் மன்னியுங்கள். நீங்கள் போன் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள், எங்கள் இரண்டு பேர் போனிலும் சார்ஜ் இல்லை. உங்கள் ஊர்ப் பூசைக்கு மணி அடிக்கிற நேரம், நீங்கள் வேறு என்ன நினைப்பீர்கள்.

பிறகு கிரேக் வந்தார், கூட இன்னும் நான்கைந்து பேர். நேரம் ஆக ஆக எழுந்திருப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நிமிஷத்தில் எழுந்தால் தூக்கம், இத்தனை பேர் அழுத பிறகு எழுந்தால் மோசடி. கிரேக் என் கால்மாட்டில் நின்று, "நல்ல மனுஷன். கொயர்ல ஒரு நாளும் சுதி சேராது, இருந்தாலும் வராம இருக்க மாட்டார்" என்றார்.

"செத்தவங்களப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்றாள் பானு.

"நல்லதுதானே சொல்றேன். வந்தார்னு சொல்றேன்."

டம்ளர் நிமிர்கிற சத்தம், அண்டாவில் கரண்டி முங்குகிற சத்தம். கிரேக் ஒரு வாய் உறிஞ்சினார். இன்னொரு வாய் உறிஞ்சினார். "பாப்ரே, என்ன காப்பி மேன் இது. துக்க வீட்டுல இப்படி ஒரு காப்பி நான் குடிச்சதே இல்ல. யார் போட்டது?"

மச்சான், பாலை விட்ட நாளிலிருந்து என் காப்பியை ஒரு மனிதர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னால் அடக்க முடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து, "மிஷின்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பானு உங்களுக்கு எழுதியிருப்பாள். அவள் ஓடிய வேகத்தில் குக்கர் இரண்டாவது தடவை விழுந்தது. நான் உட்கார்ந்தேன், போர்வை நழுவியது, அன்பியம் முழுக்க நைட்டியைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை பூசை முடிந்து உள்ளே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எல்லார் கையிலும் காப்பியைப் பார்த்தாள், "சீனி போட்டுக் குடுத்தியளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். இன்று வரை என்னோடு பேசவில்லை. தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியிருந்தால் இவ்வளவு குளிர்ந்திருக்காது.

ஆகவே மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் எந்த மனிதக் கையும் உயிருள்ளவனுக்குத் துக்கக் காப்பி போடவில்லை. மிஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது, கல்யாணம் கருமாதி தெரியாது, டைமர் மட்டுமே தெரியும். குற்றம் அதனுடையது. அதை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன், இனி டம்ளரில் வெந்நீர்தான் குடிப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலினாவின் ஓலை கோயிலில் கேட்க வேண்டும், கல்யாணத்துக்கு நான் ஒழுங்கான வேட்டியில், பந்தியின் கடைசியில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் தோத்திரமும், அலினாவுக்கு என் கண்ணீரும் முத்தமும் சொல்லவும். செத்து எழுந்த உங்கள் மச்சானை மாதா பெயரால் ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலை நிமிராத
கார்ல்

பி.கு.: ஆரோக்கியமணி கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டாள். நேற்றிலிருந்து இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள். "எங்க அண்ணனுக்குமா பொய்யி? உள்ளத எழுதும். செத்தவரே எந்திச்சுத் தனக்குக் காப்பி போட்டா அது எப்படித் துக்கக் காப்பி ஆவும்? அது வெறும் காப்பிதாம். அந்தம்மா இதக் கேட்டா சிரிச்சிட்டு ஓலைய வாசிக்கச் சொல்லுவாவ" என்கிறாள். எழுதாவிட்டால் கவரை ஒட்ட விடமாட்டாளாம். ஆகவே மேலே ஒரு வார்த்தையைத் திருத்திக்கொள்ளவும். போர்வைக்குள்ளிருந்து நான் சொன்னது "மிஷின்" அல்ல, "நான்தான்". நாள் முழுக்க மறுபடி எழுந்திருக்க வேண்டாம் என்று அண்டா நிறையக் கேஸ் அடுப்பில் கொதிக்கவைத்தது என் கைதான். சனிக்கிழமை மழையில் போன கரண்ட் எங்கள் கட்டிடத்துக்கு ஞாயிறு மத்தியானம்தான் வந்தது.