நான் சுற்றிப்போட்ட திருஷ்டி

ஐந்தாவது வரைதான் படித்தேன். கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

பென்னலூரில் பக்கத்து வீடு சகுந்தலா அக்கா. அவர் மகள் கோமதிக்கு ஏழு வயது. சிறுநீரகக் கோளாறு, முகமும் காலும் வீங்கிவிடும், சாப்பாட்டில் உப்பு கூடாது. அக்கா ஆஸ்பத்திரி தவிர எங்கும் போய் மூன்று வருடம். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே போகவில்லை. அதனால் தெருப் பெண்கள் நாலு பேர் முறை வைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதென்று பேசினோம். (பேசியது மற்ற மூவர். நான் தலையாட்டினேன்.)

முதல் முறையே எனக்கு வந்தது. மண்ணூரில் அக்காவின் அந்தத் தங்கைக்கு வளைகாப்பு.

"நெஞ்சு அடிச்சிக்கிதுடி. எதுனா ஆச்சின்னா இனிமே வாசப்படி தாண்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

குழந்தையிடம்கூட என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது. "உன் கண்ணு எவ்ளோ அழகா கீது" என்றேன். உடனே ஒரு கொட்டாவி விட்டாள். என் கண்ணே பட்டுவிட்டது! அடுக்களைக்கு ஓடி மிளகாயும் உப்பும் அள்ளி வந்து அவள் தலையைச் சுற்றினேன்.

"எனுக்கு உப்பு கூடாது அத்தை!"

"துன்னத்தாம்மா கூடாது. சுத்தலாம்."

மூன்று மிளகாய் போதும். எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு கைப்பிடி எடுத்திருந்தேன். அத்தனையும் அடுப்பில் போட்டேன். (திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். திருஷ்டியே இல்லை என்று தெரிந்து தெருவே இருமியது.)

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஓட்டு இடுக்கிலெல்லாம் புகை. பஸ் நிறுத்தத்திலிருந்து அதைப் பார்த்த அக்கா, வளையல் தட்டோடு ஓடி வந்தார்.

"ஐயோ கோமதி! இன்னாடி ஆச்சி?"

எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. கோமதிதான் இருமிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனுக்கு ஒண்ணும் ஆவலம்மா. அத்தைக்குத்தான் முடியல. நீ போய்ட்டு வா, நான் அவங்கள பாத்துக்கிறேன்."

அவள் அப்படிச் சிரித்து அக்கா பார்த்ததே இல்லையாம். நேரே உள்ளே போனார். மிளகாய் டப்பாவை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"அவளுக்கு உப்பு ஆவாது. உனுக்கு மொளகா ஆவாது."

டப்பாவோடே பஸ் ஏறிவிட்டார். வளைகாப்பில் சீர்த்தட்டுகளோடு அதுவும் வரிசையில் இருந்ததாம்!

அப்புறம் அக்கா வாராவாரம் வெளியே போனார். என் முறை வந்தால் டப்பாவும் போகும். கோமதி வளர வளரத் தேறிவிட்டாள். இப்போது நான் அவள் வீட்டுக்குப் போனாலும் மருமகளுக்குக் குரல் கொடுப்பாள்: "அத்தை வருது, மொளகாய எடுத்து வையி!"

அன்று வெள்ளியா ஞாயிறா நினைவில்லை. யாராவது கோமதியிடம் கேட்டுச் சரிபாருங்கள். மிளகாய் மட்டும் ஒரு கைப்பிடிதான்; அவள் ஒரு படி என்பாள், நம்ப வேண்டாம்.