கீழ் அம்புக்குறி

கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவர்களால் ஆபத்து இல்லை. ஒன்றுமே தெரியாதவர்களாலும் இல்லை. பாதி கோர்ஸ் முடித்தவர்கள்தான் குடும்பத்தைக் கவிழ்ப்பார்கள். நான் பாதி முடித்திருந்தேன்.

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம். அதை நம்பி என் அண்ணன் செல்வத்துக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. கல்யாணத் தரகரே எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார். "இன்டர்நெட்டுல பதிஞ்சுடலாம்மா" என்றேன். (வீட்டில் வேறு யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது. அதுதான் என் பலம்.)

பிரவுசிங் சென்டரில் காலியாக இருந்த ஒரே கம்ப்யூட்டரில் மவுஸ் வேலை செய்யவில்லை.

"அடியில இருக்கிற உருண்டைய யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. வேற மிஷின் காலியானா கூப்பிடறனுங்க" என்றார் கடைக்காரர்.

"மவுஸ் எதுக்குங்க? கீபோர்டே போதும்."

அண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். (கடைசி முறையாக.)

உண்மையில் போதும்தான். டேப் தட்டினால் அடுத்த கட்டம். பெயர், வயது, படிப்பு என்று பறந்தேன். கடைசிக் கட்டம் திருமண நிலை. 'மணமாகாதவர்' என்று சரியாகவே வைத்தேன். பிறகு பக்கத்தின் அடிப்பகுதியைப் பார்க்கக் கீழ் அம்புக்குறியைத் தட்டினேன். பக்கம் அசையவில்லை. ஓட்டை மிஷின் என்று திட்டிக்கொண்டே மேலும் தட்டினேன். நான் இன்னும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் மாறி, 'மனைவியை இழந்தவர், குழந்தைகள் உண்டு' என்பதில் போய் நின்றது. அதைக் கவனிக்காமல் டேப், என்டர்.

சில வாரங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் போன் செய்துவிட்டு மாப்பிள்ளை பார்க்க வந்தார். கையில் பிஸ்கட்டும் பலூனும்.

"குழந்தைங்க எங்கீங்க?" என்றார்.

"எந்தக் குழந்தைங்க?" என்றார் அம்மா.

"மாப்பிள்ளையோட குழந்தைங்கதானுங்க. எம் பொண்ணு புருசனை எழந்தவ. ஒரு பையன் இருக்கான். ஒண்ணாச் சேர்ந்து வளரட்டும்னுதான் வந்தனுங்க."

அண்ணனுக்கு டீ புரையேறியது. "எனக்குக் கல்யாணமே ஆகலீங்க!"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணமே ஆகாமயாங்க?"

நான் குறுக்கே பாய்ந்து கீழ் அம்புக்குறியைப் பற்றி விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். "அண்ணனுக்காகப் பொய் சொல்லாத கண்ணு" என்றார். பிறகு எழுந்தார். "பெத்த புள்ளைங்களையே இல்லைன்னு சாதிக்கிற ஊட்டுல எப்படீங்க பொண்ணக் குடுக்கிறது? இந்த பிஸ்கட்ட மட்டும் அதுங்க எங்க இருந்தாலும் குடுத்துருங்க."

(அழுதுகொண்டே அதைத் தின்று தீர்த்தது நான்தான்.)

அவர் பஸ் ஏறும் முன்பே செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அண்ணனுக்கு மஞ்சூரில் பெண் அமைய இன்னும் சில வருடம் ஆயிற்று. அண்ணி எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டார். இன்றும் அண்ணன் வீடு திரும்ப நேரமானால் வாசலிலேயே கேட்பார்: "ஏனுங்க, மூத்த ஊட்டுக்குப் போயிட்டு வர்றீங்களாக்கும்? புள்ளைங்கெல்லாம் சௌக்கியங்களா?"

அண்ணன் என்னைத்தான் முறைக்கிறான்.