ஜெரோமுக்கு ஒரு தனி சீட்டு

இந்த ஒரு தடவையாவது ஜன்னலோரம் எனக்குத்தான். பெங்களூர் கல்யாணத்துக்கு விமானத்தில் போகலாம் என்று பேச்சு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில் முண்டியடித்து, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவன் நான். உட்காருபவள் என் மனைவி ரூபி. ஜெரோம் பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். "புள்ளை வேடிக்கை பாக்கணும்ல?" என்று அவனை மடியில் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்துவிடுவாள். மதுரையில் ஏறினால் விமானம் நம் திண்டுக்கல்லுக்கு மேலேதான் போகுமாம். மலைக்கோட்டையை ஆகாயத்திலிருந்து பார்த்தே தீர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பிள்ளை மடியில் இருந்தால்தானே அவளுக்கு ஜன்னல்? காரில் பிள்ளையை வார் போட்டு உட்காரவைக்கும் குட்டி நாற்காலி ஒன்றை ரூபியின் அண்ணன் பெலிக்ஸ் மச்சான் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். கார் இல்லாத எங்கள் வீட்டில் அது சும்மாதான் கிடந்தது. விமான சீட்டிலும் அதைப் பொருத்தலாமாம்.

"ஜெரோமுக்குத் தனி டிக்கெட். அந்த நாற்காலியிலதான் வாரான்" என்றேன்.

"என்னத்துக்குங்க? மடியிலயே வச்சுக்கிருவேன்."

"விமானம் குலுங்குனா? புள்ளை பாதுகாப்பு முக்கியமா இல்லையா?"

"அம்புட்டு கனத்தை யாரு தூக்குறது?"

"நான் தூக்குறேன்!"

"நீங்க ஒண்ணு சொன்னா மாத்தவா முடியும்?" என்று பெருமூச்சு விட்டாள்.

ஜெயித்துவிட்டேன்! மதுரை பஸ்ஸில் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஊரே பார்த்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. போகட்டும். விமானத்துக்குள் முதல் ஆளாக ஓடி, எங்கள் வரிசையில் ஜன்னல் சீட்டில் துண்டைப் போட்டேன். பழக்கதோஷம்.

பணிப்பெண் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"குழந்தை சீட்டை ஜன்னலோரம்தான் வைக்கணும் சார். அவசரம்னா மத்தவங்க வெளிய போற வழியை மறிக்கக் கூடாது. அம்மா பக்கத்துல உக்காரட்டும்."

"அப்ப நான்?"

"வழியோரம் சார். காலை நல்லா நீட்டிக்கலாம்."

அதற்குள் ரூபி நாற்காலியைப் பொருத்தி, ஜெரோமுக்கு வாரையும் மாட்டிவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எங்க அண்ணன் அன்னைக்கே போன்ல சொல்லிருச்சு. நானா கேட்டிருந்தா மூணாவது டிக்கெட் எடுத்திருப்பீங்களா? இம்புட்டு தூரம் தூக்கிக்கிட்டுத்தான் வந்திருப்பீங்களா?"

விமானம் எழும்பியதும் ஜெரோம் தூங்கிப்போனான். மடி பாரமில்லாத ரூபி, அவனுக்கு மேலாகச் சாய்ந்து ஜன்னலை முழுசாக அடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மலைக்கோட்டை! எம்புட்டு அழகா இருக்கு! பாருங்க, பாருங்க!"

எக்கி எட்டிப் பார்த்தேன். அவள் கொண்டை தெரிந்தது.