கிட்டாரும் வாட்டர் ஹீட்டர் ராடும்

"தம்பி, கோச்சிக்காதீங்க. சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. எம் பொண்ணப் பாக்க வந்திருக்காங்க."

இளமாறன் அப்போதுதான் முதல் பாட்டைப் பாதி தாண்டியிருந்தான். எதிரே வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக நின்றவர் பெண்ணின் அப்பா வெங்கடேசன். அவர் கை காட்டிய மூலை மேசையில் பெண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. நடுவில் ஒரு தட்டு வெங்காய பஜ்ஜி.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் பிரவீன்குமார் அந்தக் காபிக்கடையைத் திறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மொத்தமே ஆறு மேசை. 'ஞாயிறு மாலை கிட்டார் இசை' என்று வாசலில் எழுதிப் போட்டது இளமாறனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நட்புக்காக. கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு.

"ஒரு வாரம் பாப்பேன். வந்தவங்க யாராவது எழுந்து போனாங்கன்னு வெய்யி, அடுத்த வாரத்துலேர்ந்து டிவிதான்டா."

இளமாறனுக்கு மூங்கில்துறைப்பட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை. பகலெல்லாம் எரிந்துபோன போர் மோட்டார், சாயந்திரமானால் கிட்டார். புதுச்சேரியில் ஒரு பாட்டுக் குழு கழித்துப் போட்ட, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கிவந்து, அதன் டிரான்ஸ்பார்மருக்குத் தானே கம்பி சுற்றி உயிர் கொடுத்திருந்தான். அதன் சத்தக் குமிழை ஏழில் வைத்தால் ஒவ்வொரு சுரமும் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, நீளமாக இறங்கும். ஆனால் ஏழில் வைத்தால் தெரு தாங்காது. கரும்பு வெட்டி முடிந்த வயலில் தன்னந்தனியாக வாசித்திருக்கிறானே தவிர, அந்த ஏழாம் நம்பர் சத்தத்தை மனுஷர் யாருக்கும் அவன் இதுவரை கேட்கவைத்ததில்லை. இன்றுதான் முதல் தடவை.

"கம்மி பண்ணிடறேங்க" என்று குமிழை இரண்டுக்கு இறக்கினான்.

வெல்லப்பாகு போய், கொசு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா காதோரம் கையை வீசினார். "இன்னாது இது, ஙொய்ங்குன்னு!"

இளமாறன் மூலை மேசையைப் பார்த்தான். ஏழில் வாசித்தபோது அந்தப் பெண் மாப்பிள்ளை பேசியதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பொருத்தம் என்று இவனே மனதுக்குள் வாழ்த்தியிருந்தான். இப்போது அந்தச் சிரிப்பில் பாதிதான் மிச்சமிருந்தது.

கொசுவுக்குப் பயந்து சம்பந்தம் நின்றால் அந்தப் பாவம் யாருக்கு?

ஆம்ப்பைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தான். சத்தம் முதுகு காட்டினால் கம்மியாகத்தான் கேட்கும் என்பது கணக்கு. குமிழ் மறுபடி ஏழு. ஒரு தடவை மீட்டினான். சுவர் அதிர்ந்து, மூலை மேசைக்கு மேலே ஆணியில் தொங்கிய கடிகாரம் கழன்று, நேராக பஜ்ஜித் தட்டில் விழுந்தது.

"ஐயையோ!" என்று ஓடிவந்தான் பிரவீன்குமார். "மன்னிச்சிடுங்கம்மா, வேற பஜ்ஜி சூடா வருதும்மா." பிறகு இளமாறன் காதில் கடுகடுத்தான். "அவங்க கல்யாணம் பேச வந்திருக்காங்கடா. நீ இடிச்சித் தள்ளிக்கினு இருக்க!"

"அஞ்சு நிமிசம் குடு. சமையக்கட்டுக்குள்ள வெச்சிடறேன்."

சமையலறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஆம்ப்பை நிறுத்தி, மேலே இரண்டு கோணிச் சாக்கைப் போர்த்தி, வயரை மட்டும் வெளியே இழுத்துவந்து வாசித்தான். வெளியே நிஜமாகவே சத்தம் குறைந்தது. வெங்கடேசன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் உள்ளே இருந்த கரண்டி, தட்டு, டம்ளர் எல்லாம் சேர்ந்து கூடவே தாளம் போட ஆரம்பித்தன. அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மொத்தமாகச் சரிந்தன.

சமையல்காரர் சின்னதுரை கரண்டியோடு வெளியே வந்தார். "எப்பா, ஒண்ணு நான் உள்ள இருக்கணும், இல்லன்னா அந்தப் பொட்டி இருக்கணும். சாக்கு வேற பொகையுது. பாத்துக்க."

வால்வின் சூட்டில் கோணி கருக ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் உருவி எறிந்தான். தண்ணீர் வாளியைத் தேடியபோதுதான், பாத்திரம் கழுவ வெந்நீர் போடும் ராடு ஒன்று ஆணியில் தொங்குவது கண்ணில் பட்டது.

காயில் கட்டுகிறவன் மூளையில் வெளிச்சம் அடித்தது.

"அண்ணே, இதக் கொஞ்சம் குடுங்க."

"இன்னா, டீ போடப் போறியா?"

"ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இதக் கட்டிடுவேன். ஆம்ப் ஏழுலயே ஓடும். வர்ற சத்தத்துல பெரும்பாகத்த இது சூடா முழுங்கிடும். மிச்சம் துளியூண்டுதான் ஸ்பீக்கருக்குப் போவும். ஆனா அதே கெட்டியான சத்தம்."

சின்னதுரை ராடையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "கழுவித் திருப்பிக் குடுத்துடு."

ஆம்ப்பை வெளியே கொண்டுவந்து, வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினான். குமிழை ஏழில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தந்தியைத் தொட்டான்.

வந்தது. பக்கத்து மேசையில் யாரோ சர்க்கரை கலக்குகிற சத்தத்தைக்கூட மறைக்காத அளவுக்கு மெல்லிசாக, ஆனால் அதே வெல்லப்பாகு. கெட்டியாக, நீளமாக, அறுந்துபோகாமல். அவன் வயலில் மட்டும் கேட்ட சத்தம் ஆறு மேசைக் கடைக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமலேயே ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு, யாரும் வாசிக்கச் சொல்லாத மூன்றாவது பாட்டு என்று வாசித்துக்கொண்டே போனான். செல்போனில் கத்திக்கொண்டிருந்த ஒருவர் "அப்பறம் பேசறேன், இங்க பாட்டு ஓடுது" என்று வைத்தது கேட்டது. முடித்தபோது நாலு மேசை கை தட்டியது.

கண்ணைத் திறந்தான். மூலை மேசை காலி.

"எப்பப் போனாங்க?"

"ரெண்டாவது பாட்டுலயே" என்றார் சின்னதுரை. "அந்தம்மா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு விறுவிறுன்னு போச்சு. மாப்ள பின்னாடியே ஓடுச்சு. பொண்ணோட அப்பா கும்புட்டுக்கினே போனாரு. சூடா போட்ட பஜ்ஜிய யாரும் தொடல."

பிரவீன்குமார் இடுப்பில் கைவைத்து நின்றான். "சம்பந்தத்தயே கலச்சி வுட்டுட்டியேடா. ரிமோட் எங்க இருக்குன்னு தேடறேன், நீ ஒயரச் சுத்து."

இளமாறன் ஆம்ப்பை அணைத்தான். வாழ்க்கையிலேயே நன்றாக வாசித்த நாள் ஒரு பெண்ணின் கல்யாணத்தில் மண்ணைப் போட்ட நாளாகவும் ஆகிவிட்டது. ராடிலிருந்து டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தான்.

வாசல் கதவு திறந்தது. அதே பெண். தேவிப்ரியா என்று வெங்கடேசன் கூப்பிட்டது அவனுக்கு நினைவு வந்தது.

"ஸ்கூட்டி சாவிய வெச்சிட்டுப் போயிட்டேன்" என்றாள். மேசையடியில் குனிந்து எடுத்தாள். பிறகு நேராக இளமாறனிடம் வந்தாள்.

"மன்னிச்சிடும்மா" என்றான் அவன் எழுந்து. "மொதல்லயே நான் சத்தத்தக் கொறச்சிருக்கணும்."

"ஆமாண்ணா. மொதல்ல இன்னா பேசறாருன்னே கேக்கல. மரியாதைக்கு எல்லாத்துக்கும் சிரிச்சிக்கினே தலையாட்டிட்டேன். நீங்க ராடு கட்டனப்பறந்தான் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுது. கல்யாணத்துக்கப்பறம் நான் வேலைக்குப் போவக்கூடாதாம். எங்க வூட்டுக்கு வருசத்துல ரெண்டு தடவதான் வரணுமாம். இதுக்கெல்லாம் ஏற்கெனவே தலையாட்டிட்டேன்னு அவங்கம்மா வேற சொல்லிக்கினு இருந்தாங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன்."

பிரவீன்குமார் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொருத்தர் வராரு. மொதல் பாட்டுலேர்ந்தே ராடு கட்டிடுங்கண்ணா."