பத்தரைக்குள் கிளம்ப வேண்டிய வேன்

டிரைவர் மகனுக்கு வண்டி தெரியும் என்று ஊரே நம்பும். எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.)

அப்பாவிடம் ஒரு டீசல் வேன் இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கித்தான் என்னையும் தங்கை கீதாவையும் படிக்கவைத்தார். இடுப்பெலும்பு முறிந்து அவர் வாக்கரைப் பிடித்த பிறகு, வேன் காம்பவுண்டுக்குள் நின்றுவிட்டது. "வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட வுடுடா" என்பார். நான் ஏசி காரில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த பெரிய மனுஷன். "சரிப்பா" என்பேன். ஆறு வருடம் "சரிப்பா" என்றேன். வேனுக்கு அடியில் பூனை மூன்று தடவை குட்டி போட்டது.

போன வருடம் ஒரு நாள், "ஒரே ஒரு தபா அந்த வண்டிலயே சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிம்மரப் பாத்துட்டு வந்துர்லாம்டா. நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்திக்கிறேன்" என்றார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று கெஞ்சினார். எனக்கு இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற எரிச்சல்.

வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. பம்மல் மெக்கானிக் கபாலி அண்ணன் முந்தின நாளே வந்து, டேங்க்கில் கெட்டுப்போயிருந்த டீசலை இறக்கிப் புதுசு ஊற்றி, பேட்டரியும் மாற்றினார். என்ஜின் ஆயில் மட்டும் பாக்கி.

"நாளிக்கி பதினோரு மணிக்கு வந்து மாத்திர்றேன் சார். அதுவரிக்கும் வண்டில கைய வெக்காத. பேஜாரா பூடும்."

பதினோரு மணி என்றால் ராகு காலம். "பத்தரைக்குள்ள வண்டி வாசலத் தாண்டிடணும்" என்று என் மனைவி சுதா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். ராகுவா, கபாலியா? பி.இ. படித்த நான் ராகுவுக்குத்தான் பயந்தேன்.

பத்து மணிக்கு, கபாலி அண்ணன் வைத்துவிட்டுப் போயிருந்த ஆயில் கேனைத் திறந்தேன். புது வேட்டி கட்டி, நெற்றியில் நாமத்தோடு நாற்காலியில் காத்திருந்த அப்பா, "பழசை இறக்கிட்டு ஊத்துடா" என்றார்.

"ஆறு வருஷத்துல அது பாதி வத்தியிருக்கும்பா. நீங்க சும்மா இருங்க, நான் வீடியோ பாத்துட்டேன்."

பழசின் மேலேயே கேன் முழுவதையும் கவிழ்த்தேன்.

பத்து இருபதுக்குச் சாவியைத் திருப்பினேன். இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது! சுதா கைதட்டினாள். இரண்டு நிமிடம் நான்தான் ராஜா. பிறகு நான் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே என்ஜின் தானாக உறுமத் தொடங்கியது. உறுமல் அலறலாயிற்று. சாவியைத் திருப்பி அணைத்தேன். நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்துவிட்டேன். அப்போதும் நிற்கவில்லை. புகை தெருவையே மூடியது. கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தினார்.

"ஆயில் ரொம்பிப் போச்சுடா! டீசல வுட்டுட்டு ஆயிலக் குடிச்சி ஓடுது! இஞ்சினுக்குக் காத்து போற குழாய அடை!" என்று அப்பா கத்தினார்.

எந்தக் குழாய்? சாவியும் கையுமாகச் சிலை மாதிரி நின்றேன். அப்பாவே வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேட்டியை அவிழ்த்தார். பந்தாகச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார். பெரிய முக்கல் ஒன்றோடு என்ஜின் அடங்கியது. புகை விலகியபோது தெருவே கூடியிருந்தது. நடுவில் பட்டாபட்டியும் நாமமுமாக என் அப்பா, வாக்கரைப் பிடித்தபடி.

கபாலி அண்ணன் சொன்னபடி பதினோரு மணிக்கு வந்தார். பார்த்தார். என்னிடம் பேசவே இல்லை. "இஞ்சின் உள்ள இறுகிப் புடிச்சிக்கிச்சு பெரியவரே. இனிமே இது ஓடாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"கார்ல போலாம்பா" என்றேன்.

"வேணாம்டா."

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. மார்கழியில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் சாப்பாட்டில் கீதா இந்தக் கதையை நடித்தே காட்டினாள். பரிமாறியவர்கள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இப்போதும் நான் மிக்ஸி சுவிட்சைத் தொட்டால்கூட, "யாராவது வேட்டிய அவுத்து ரெடியா வெச்சுக்கோங்க" என்று ஒரு குரல் வரும். நானும் சிரிக்கிறேன். சிரிக்காமல் எங்கே போவது?

கீதாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வேன் அடங்கிய அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மொத ரெண்டு நிமிஷம் சத்தம் கேட்டியாடா? பழைய சத்தம் அப்படியே இருந்துச்சில்ல?"

அந்த இரண்டு நிமிடமும் நான் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டேம்பா" என்றேன்.