ஆடும் நாயும் இல்லாத வீடு

"வீட்டுல ஆடு எத்தனை இருக்கு?" என்று சக்கரவர்த்தி கேட்டதுதான் தாமதம், வாசலில் நின்ற கெங்கம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆடா? ஆடு ஏது சார்? ஆட்டக் கண்ணால பாத்தே ரொம்ப நாளாவுது."

அவள் வாய் மூடவில்லை, வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆடு கத்தியது. அதற்குத் துணையாக இன்னொன்று கத்தியது.

"அது காத்து சார்" என்றாள் கெங்கம்மாள்.

சக்கரவர்த்தி கையிலிருந்த காகிதத்தில் ஒரு கோடு போட்டான். "சரி. அடுப்புக்கு என்ன, விறகா?"

"நாங்க அடுப்பே பத்த வெக்கிறதில்ல சார்."

"அப்போ சாப்பாடு?"

"சாப்புடறதே இல்ல சார்" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுத் தட்டிக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள் அந்தப் புண்ணியவதி.

அன்றைக்கு இது நாலாவது வீடு. முதல் வீட்டில் ஆளே இல்லை என்று உள்ளேயிருந்து ஆள் குரல் கொடுத்தது. இரண்டாவது வீட்டில் நாயைக்கூட நாய் இல்லை என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒன்றும் கேட்பதற்கு முன்பே ஒரு பெரியவர் காலில் விழப் பார்த்தார். ஏழுபுளிப்பட்டு ஜனங்களுக்குத் தன்னைக் கண்டால் ஏன் இப்படி உதறுகிறது என்று சக்கரவர்த்திக்கு விளங்கவில்லை.

விளங்காததற்கு நியாயம் உண்டு. ஆள் கலசப்பாக்கத்துக்காரன், கீழ்நாட்டு மனிதன். ஃபாரஸ்ட் ஆபீஸில் கிளார்க்காக மாற்றலாகி மலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த ஊரில் ஃபாரஸ்ட் ஆபீஸ்காரன் காகிதத்தோடு வந்து ஆடு எத்தனை, விறகு எங்கே வெட்டினாய் என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேசு! ரிசர்வ் காட்டில் ஆடு மேய்த்த கேசு, இல்லாவிட்டால் விறகு வெட்டின கேசு. போதாக்குறைக்கு அந்தக் காகிதத்தின் தலையில் கோபுரச் சின்னம் வேறு. ஆபீஸ் டைப்ரைட்டரில் ஆபீஸ் காகிதத்திலேயே அடித்துக்கொண்டு வந்திருந்தான், மகா கெட்டிக்காரன்.

அவன் தேடியது வேறொன்று. அவன் மனைவி சாந்தம்மாள் அதே ஊரில் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். பிரசவ லீவு, சம்பளமில்லாத லீவு, கெஞ்சி வாங்கிய லீவு எல்லாம் தீர்ந்து, திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு நர்ஸ் வந்துவிடுவாள் என்று ஓலை வந்துவிட்டது. ஒன்றே கால் வயது வசுமதியைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். சொந்தக்காரர் யாரும் மலையேறத் தயாராக இல்லை.

"ஏதாவது ஒரு வூட்டுல கேட்டு வுடுங்க. இங்க எல்லாரும் நல்ல ஜனங்கதான்" என்றுதான் சாந்தம்மாள் சொன்னாள்.

சக்கரவர்த்தி கேட்பானா? "குழந்தை விஷயம் விளையாட்டா? நிபந்தனை போட்டுத்தான் வீடு பார்க்கணும்" என்று உட்கார்ந்து டைப் அடித்தான். தரை சிமிட்டித் தரையாக இருக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். புகை கூடாது, ஸ்டவ் அடுப்பு உத்தமம். ஆடு, நாய், கோழி அறவே கூடாது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். அந்த மலையில் இவன் தன் குழந்தைக்கு வீடு தேடினானா, கலெக்டருக்குப் பங்களா தேடினானா என்று தெரியவில்லை.

மறுநாள் காகிதத்தை விட்டுவிட்டு மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனான். நர்ஸம்மா என்றால் மரியாதை உண்டே! முதல் வீட்டு வாசலில் சாந்தம்மாள் சிரித்த முகமாக, "ஒனக்கு எத்தினி புள்ளைங்கம்மா?" என்று கேட்டாள். சர்க்காருக்குக் கணக்குக் காட்ட ஆள் பிடித்துக் கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த காலம் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வீட்டு ஆம்பளை பின்பக்க வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினான். அவனைப் பார்த்துத் தெருவிலுள்ள ஆம்பளைகள் அத்தனை பேரும் ஓடினார்கள்.

"நேத்து ஆடு ஓடுச்சு, இன்னிக்கு ஆம்பளைங்க ஓடறாங்க" என்றாள் சாந்தம்மாள். "வாங்க போலாம், மானம் போவுது."

ஊரே ஒளிந்துகொண்டு தன்னைப் பார்ப்பது தெரிந்து, தலை நிமிர முடியாமல் நடந்தான் சக்கரவர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுடைய ஃபாரஸ்ட் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டிக்கொண்டு பச்சையம்மா வந்தாள். புளி உலுக்கும் சடையனின் மனைவி. நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள்.

"கொழந்தயப் பாத்துக்க ஆளு தேடறீங்களாமே சார்? இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நாங்க கேசுன்னு இல்ல நெனச்சோம்! கெங்கம்மா ஒங்களுக்குப் பயந்துகினு ரெண்டு நாளா ஆட்ட மேல்காட்டுல கட்டி வெச்சிருக்கா. பால் கறக்க ஒரு மைல் நடக்கறா, பாவம்."

சக்கரவர்த்திக்குக் கூசிப்போயிற்று. ஒரு மனுஷி தனக்குப் பயந்து சாப்பிடுவதே இல்லை என்று சொல்லியிருக்கிறாள், தான் அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம்! ஆனாலும் காகிதத்தை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"தரை சிமிட்டித் தரையா?"

பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சிமிட்டிதான் சார்" என்றாள்.

"தாழ்ப்பாள்?"

"கீது சார்."

"ஸ்டவ்?"

"அதுவும் கீது."

"ஆடு, நாய், கோழி?"

"ஒரு ஈ காக்கா கெடையாது."

சக்கரவர்த்தி அசந்துபோனான். "அப்படி ஒரு வீடா இந்த ஊரில்? வா, இப்பவே பார்த்துவிடலாம்."

"ஐயோ, வேணாம் சார். நீங்க தெருவுல கால வெச்சா ஆடெல்லாம் காட்டுக்கு ஓடுது. காட்டுல ஓடிச்சின்னா அதுக்கும் நீங்கதான கேசு எழுதுவீங்க?"

சாந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அந்த வூட்ட எனக்கு நல்லாத் தெரியுங்க. நல்ல வூடுதான். ஆம்பளதான் கொஞ்சம் சோம்பேறி. அவுத்த துணிய அவுத்த எடத்துலியே போட்டுட்டுப் போய்டுவாரு" என்றாள்.

"அவனை நான் திருத்தறேன்" என்றான் சக்கரவர்த்தி கம்பீரமாக.

சாந்தம்மாளுக்கு ஏனோ புரையேறிவிட்டது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் டிபன் கேரியரோடு ஒன்றரை மைல் கீழே செக்போஸ்ட்டிலிருந்த ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு இறங்கினால், திரும்ப சாயங்காலம் ஆறாகும். குழந்தையை விடுவது, அழைப்பது எல்லாம் சாந்தம்மாள் பொறுப்பு. அன்று மாலை வசுமதி கண்ணுக்கு மை இட்டு, வயிறு நிறைந்து, கைகொட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு குறை சொல்ல வழியில்லை. பெற்ற தகப்பன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்ற உறுத்தல் மட்டும் அவனுக்கு இருந்தது. அந்த உறுத்தல்தான் வாயில் பொய்யாக வந்தது.

"மத்தியானம் நான் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சாந்தா. எல்லாம் நான் எழுதினபடியே இருக்கு."

"அப்படியா? உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன்."

சாந்தம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், ரசம் பொங்கி ஸ்டவ் அணைகிற வரைக்கும் சிரித்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் ஆபீஸிலும் இதே பெருமையை அளந்தான்.

ரேஞ்சர் தாண்டவராயன் காதில் அது விழுந்தது. ஊரின் மறுகோடியில் இருந்த அவர் வீட்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனை மேய்க்க முடியாமல் ரேஞ்சர் சம்சாரம் தினமும் வேலூர்த் தாய்வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"சிமிட்டித் தரையா? இந்த ஊர்லயா? நீ நேர்ல பார்த்தியாய்யா?"

"பார்த்தேன் சார்."

"நெசமா?"

"நானே தேடித் தேர்ந்தெடுத்த வீடு சார்" என்றான் சக்கரவர்த்தி. ஒரு பொய்க்கு இரண்டாவது பொய் அத்தனை சுலபமாக வந்தது.

"அப்போ வியாழக்கிழமை நானும் வர்றேன். பார்த்துட்டு எம் பையனையும் வுட்டுடலாம்."

சக்கரவர்த்தி அவசரமாக யோசித்தான். அவருக்கு முன்னால் தான் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமே! புதன்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கு மலையேறி, விசாரித்துக்கொண்டு பச்சையம்மா வீட்டுக்குப் போனான்.

மண் சுவர். சாணித் தரை. வாசலிலேயே இரண்டு ஆடு, குறுக்கே படுத்த நாய், கூரை இடுக்கிலெல்லாம் புகை. சடையன் தனியாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தான். வசுமதியைக் காணோம். பச்சையம்மாவையும் காணோம்.

"ஆட்ட இப்பத்தான் கெங்கம்மா கொண்டாந்து கட்டினா சார், எங்குளுது இல்ல" என்று எழுந்து நின்றான் சடையன்.

"அதை விடு. பச்சையம்மா எங்கே?"

"கொழந்தயப் பாத்துக்கற எடத்துக்குப் போயிருக்கா சார். தெனமும் அங்கதான். ஊர்ல கூலிக்குப் போறவங்க புள்ளைங்களும் இப்ப அங்கதான். ஏழு பேரு சேந்துட்டாங்க." அவன் சக்கரவர்த்தியின் முகத்தை உற்றுப் பார்த்தான். "ஏன் சார், ஒங்களுக்குத் தெரியாதா?"

பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறதென்று ஒரு தகப்பன் ஊரானிடம் எப்படிக் கேட்பான்? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"தெரியும், தெரியும். சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். அவுத்த துணியை அங்கங்கே போடறியாமே? ஒழுங்கா மடிச்சு வைக்கணும்."

சடையன் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தான். "எனக்கு இருக்கறதே இது ஒண்ணுதான் சார். இத அவுத்துட்டா மடிக்கறதுக்கு நான் எங்க நிப்பேன்?"

சக்கரவர்த்தி ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்துவிட்டான். வழியெல்லாம் வயிறு நிஜமாகவே வலித்தது. மாலையில் மனைவியிடம் கேட்டுவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தான். மூலை முடுக்கெல்லாம் பார்த்த மனிதன், வீடு எந்தப் பக்கம் என்று எப்படிக் கேட்பது? குழந்தை மடியில் உட்கார்ந்து அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதன் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ரேஞ்சரிடம், "சார், அந்தப் பாதையில் கரடி நடமாட்டம் இருக்காம்" என்று கடைசி வித்தையையும் காட்டிப் பார்த்தான். ரேஞ்சர் மிரளவில்லை. துப்பாக்கியோடு ஒரு ஃபாரஸ்ட் கார்டைக் கூப்பிட்டுக்கொண்டார்.

கிளார்க்கு, ரேஞ்சர், துப்பாக்கி! ஊர் தாங்குமா? ஆடு, மாடு, ஆண், பெண், எல்லாம் ஒரே மூச்சில் காட்டுக்குள் போய்விட்டன. சடையன் ஒருவன்தான் புளி மூட்டையை விட்டுவிட்டு ஓட மனசில்லாமல் தன் வீட்டு வாசலில் நின்றான். பரபரப்பில் கெங்கம்மாள் விட்டுப்போன ஆடு ஒன்று ரேஞ்சர் கையிலிருந்த தொப்பியை எட்டி முகர்ந்தது.

ரேஞ்சர் சாணித் தரையைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.

"இதுதான் நீ தேடித் தேர்ந்தெடுத்த வீடாய்யா?"

சக்கரவர்த்தி ஆட்டைப் பிடித்து அப்பால் தள்ளினான்.

"சிமிட்டித் தரை எங்க? ஸ்டவ் எங்க? சரி, அதெல்லாம் போகட்டும். ஒங் குழந்தை எங்கய்யா?"

அந்த ஒரு கேள்வியில் அவன் உடைந்துவிட்டான். புளி மூட்டை மேலேயே உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியாது சார். நான் எந்த வீட்டையும் பார்க்கவில்லை. உங்ககிட்டயும் பொய் சொன்னேன், அவகிட்டயும் பொய் சொன்னேன். காகிதத்துல சிமிட்டித் தரை, தாழ்ப்பாள்னு எழுதினேனே தவிர, என் குழந்தை நாலு நாளா எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது சார். நானெல்லாம் ஒரு தகப்பன்!"

சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். துப்பாக்கிக்காரன் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ரேஞ்சர் சடையனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீயாவது சொல்லுய்யா. உம் பொண்டாட்டி அந்தக் குழந்தைய எங்கதான் வெச்சிருக்கா?"

சடையன் சக்கரவர்த்தியைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அழுவாதீங்க சார். நீங்க எழுதின மாதிரி சிமிட்டித் தர, தாப்பா, ஸ்டவ் அடுப்பு எல்லாம் இந்த ஊர்லயே ரெண்டு வூட்லதான் கீது. ரேஞ்சர் ஐயா வூட்ல நாய் கீதேன்னு, நர்ஸம்மா ஒங்க வூட்டுச் சாவியத்தான் பச்சையம்மா கையில குடுத்திருக்காங்க!"